காம்பர் ரெயிலரோடு ஒரு மாதம்: மெல்பேர்ணிலிருந்து உலுரு போய்வர

அவுஸ்திரேலியாவின் நடுவில் நிற்கும் பெரிய பாறை உலுரு. அங்கே காரில் போகிறோம் என்று சொன்னால் எங்கட ஆக்கள் முதலில் கேட்பது "எத்தனை மணித்தியாலம்?" என்றுதான். ரெயிலர் கட்டிக்கொண்டு போகிறவருக்கு அந்தக் கணக்கு உதவாது. எங்கே எத்தனை இரவு என்று முதலில் எழுதுங்கள். தூரம், டீசல், சாப்பாடு, லீவு எல்லாம் அந்தத் தாளிலிருந்து தானாக வரும்.

நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், எழுபது தாண்டிய என் அம்மா. பழைய பிராடோ கார் ஒன்று, இரண்டாம் கையாக வாங்கிய காம்பர் ரெயிலர் ஒன்று. முன்பக்கமாக விரிகிற வகை. மேல்மூடியைக் கழற்றித் தள்ளினால் கன்வஸ் கூடாரம் கூடவே எழும்பும், கட்டிலும் மெத்தையும் உள்ளேயே இருக்கும். கீழே எழுதுவது இந்த அளவு குடும்பத்துக்கும் இந்த அளவு வண்டிக்கும். பெரிய கேரவன் இழுப்பவர்களுக்குச் சில கணக்குகள் மாறும்.

எப்போது போவது

ஜூன் கடைசியிலிருந்து ஓகஸ்ட்வரை. அந்த மாதங்களில் உலுருப் பக்கம் பகலில் 20 பாகை அளவில் இருக்கும், ஆகாயத்தில் பெரும்பாலும் ஒரு முகில் இருக்காது. இரவில் பூச்சியத்துக்குக் கிட்டப் போகும், சில விடியற்காலைகளில் அதற்குக் கீழேயும் இறங்கும். கன்வஸுக்குள் அந்தக் குளிரைத் தாங்க நல்ல நித்திரைப் பைகள் வேண்டும். வெயில் காலத்தில் அங்கே 40 பாகை சர்வசாதாரணம். உலுருவுக்குப் பக்கத்துப் பாறைக் குன்றுகளான கட்டா ஜுட்டாவில் காற்றுப் பள்ளத்தாக்கு நடைபாதையை 36 பாகை வருமென்றால் முற்பகல் 11 மணிக்கே பாதியில் மூடிவிடுவார்கள். டிசெம்பர் விடுமுறைக்கு உலுரு என்று யாராவது சொன்னால் வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள்.

விக்ரோறியாவில் ஜூலைப் பள்ளி விடுமுறை இரண்டு கிழமைதான். மிச்ச இரண்டு கிழமைக்குப் பள்ளிக்கூடத்தில் முன்கூட்டியே கதைத்து அனுமதி எடுங்கள். எங்கள் மகளின் ஆசிரியை வீட்டுப்பாடமாகக் கேட்டது தினம் ஒரு பக்க நாட்குறிப்பு மட்டும். ஆனால் அதே இரண்டு கிழமையில் பாதி நாடே வடக்கே போகும். அதனால் முதலில் பதிய வேண்டியது யுலாராவில் உள்ள முகாம் இடம். தேசியப் பூங்காவுக்குள் கூடாரம் அடிக்க விடமாட்டார்கள், பக்கத்தில் பயணிகள் தங்கக்கூடிய ஒரே ஊர் யுலாரா. அந்தத் திகதி கிடைத்த பிறகு மற்ற எல்லாவற்றையும் அதற்கு முன்னும் பின்னும் அடுக்குங்கள். போகும் வழியில் ஃபிளிண்டர்ஸ் மலையிலுள்ள வில்பீனாவையும், உலுருவுக்கு அப்பால் உள்ள கிங்ஸ் கன்யனையும்கூடப் பதிந்துவிடலாம். வேறொன்றையும் பதிய வேண்டாம் என்பது என் கருத்து. மழை வந்தாலோ பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு போனில் இருக்கவேண்டி வரும்.

இரவுகளின் தாள்

முப்பது இரவு என்றால் இருபத்தேழுக்கு மட்டும் ஊர்ப்பெயர் எழுதுங்கள். மூன்றை வெறுமையாக விடுங்கள். எங்கள் தாள் இப்படி இருந்தது.

ஹோல்ஸ் கப் 2, அடிலெய்ட் 2, வில்பீனா 3, வூமெரா 1, கூபர் பீடி 2, குல்கெரா 1, யுலாரா 3, கிங்ஸ் கன்யன் 2, அலிஸ் ஸ்பிரிங்ஸும் மேற்கு மக்டொனல் மலைகளும் 4, மார்லா 1, உட்னடாற்றா பாதை 3, பீற்றர்பரோ 1, புரோக்கன் ஹில் 1, மில்டூரா 1.

ஒரு இரவு மட்டும் தங்கும் ஊர்கள் அடுத்தடுத்து மூன்று வந்தால் தாளை மாற்றுங்கள் என்பது என் விதி. ரெயிலரைத் திறக்க அரை மணித்தியாலம், மூட முக்கால் மணித்தியாலம், சமையல், பாத்திரம், படுக்கை. ஒவ்வொரு நாளும் இதைச் செய்தால் நாலாம் நாள் வீட்டில் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துக் கதைக்கமாட்டீர்கள். மேலே கடைசி மூன்றும் ஒற்றை இரவுகள்தானே என்று கேட்பீர்கள். அது வீடு திரும்பும் பாதை. வெறுமையாக விட்ட இரவுகளில் ஒன்று பெரும்பாலும் அங்கேதான் போய் விழும். அந்த ஊர்களில் ரெயிலரைத் திறக்காமல் கபின் எடுப்பதும் உண்டு.

ஓட்டம் ஒரு நாளைக்கு 400 கிலோமீற்றர். தவிர்க்க முடியாத இடத்தில் 500க்குள். தெற்கு அவுஸ்திரேலியாவில் 110, வட பிராந்தியத்தில் ஸ்ருவேர்ட் ஹைவேயின் நீண்ட பகுதிகளில் 130 என்று பலகை இருக்கும். எங்களுக்கு 90. அதற்கு மேல் போனால் டீசல் ஊசி கண் முன்னாலேயே இறங்கும், ரெயிலரும் வால் ஆட்டத் தொடங்கும். பின்னேரம் நாலு மணிக்குள் கூடாரம் நிமிர்ந்திருக்கவேண்டும். பொழுதுபடும் நேரமும் விடியும் நேரமும் கங்காருவின் நேரம். வடக்கே போகப்போக வேலியில்லாத பண்ணைகள், மாடுகள் ரோட்டிலேயே நிற்கும்.

பக்கக் கிளைகளும் சேர மொத்தத் தூரம் ஏறக்குறைய 6,500 கிலோமீற்றர் வரும். ரெயிலர் இல்லாமல் நூறு கிலோமீற்றருக்கு 11 லீற்றர் குடிக்கிற கார், ரெயிலரோடு 15, 16 குடிக்கும். எதிர்க்காற்று என்றால் இன்னும் கூட. ஆயிரம் லீற்றருக்குக் காசு ஒதுக்குங்கள். விலையை மெல்பேர்ண் விலையில் போடவேண்டாம், உள்நாட்டு ரோட்ஹவுஸ்களில் (ஹைவேயோர எரிபொருள், சாப்பாட்டு நிலையங்களில்) கேட்டால் தலை சுற்றும்.

நிறை: இதைத்தான் ஒருவரும் கணக்குப் பார்ப்பதில்லை

ரெயிலரின் முன்பக்கத்தில் ஒரு தகட்டில் எண்கள் அடித்திருக்கும். வெறும் ரெயிலரின் நிறை ஒன்று. சாமான் ஏற்றிய பிறகு, காரிலிருந்து கழற்றி நிற்கும்போது தாண்டக்கூடாத மொத்த நிறை இன்னொன்று, அதை ஏ.ரி.எம். என்பார்கள். எங்களுடையதில் வெறும் நிறை 1,350 கிலோ, ஏ.ரி.எம். 2,000. அப்படியென்றால் 650 கிலோ ஏற்றலாம். கேட்கும்போது நிறைய மாதிரி இருக்கும்.

எழுதிப் பாருங்கள். தண்ணீர்த் தாங்கி 120 லீற்றர், அதுவே 120 கிலோ. காஸ் சிலிண்டர் இரண்டு, பக்கக் கூடாரம், அதன் தடிகள், ஆணிகள், நிலவிரிப்பு. பிறிட்ஜ், அதற்குள் சாப்பாடு. கதிரை ஐந்து, மேசை. உதிரிச் சில்லு. ஐந்து பேரின் குளிர் உடுப்பு, போர்வைகள். சைக்கிள் கொண்டுவருவேன் என்று மகன் அடம். அம்மாவின் பங்குக்குப் பத்துக் கிலோ சிவப்பரிசி, இடியப்ப உரல், புட்டுக்குழல், ஆட்டுக்கல் ஒன்றுதான் பாக்கி. எல்லாம் ஏற்றிய பிறகு பொது நிறுவைப் பாலத்துக்குப் போய் நிறுத்துப் பாருங்கள். மெல்பேர்ணைச் சுற்றிப் பல உண்டு, சின்னக் கட்டணம்தான். கழற்றி ஒருமுறை, கட்டி ஒருமுறை.

காரில் கொக்கிக் குண்டின்மீது ரெயிலரின் மூக்கு அழுத்தும் பாரம் ஏ.ரி.எம்மில் பத்து வீதம் அளவில் இருக்கவேண்டும். குறைந்தால் ரெயிலர் ஆடும். கூடினால் காரின் முன்சில்லு தூக்கிவிடும், ஸ்ரியரிங் லேசாகும். எங்களுக்கு அது 190 கிலோ சொச்சம். அந்த 190 கிலோ காரின் சுமையாகவும் கணக்கில் வரும் என்பதுதான் பலருக்கும் தெரியாத இடம். ஐந்து பேர், புல் பார், கூரைத் தட்டு, பின்னுக்குப் பெட்டிகள், இதோடு 190 கிலோவும் சேர்ந்தால் கார் தன் எல்லையைத் தொட்டுவிடும். நாங்கள் கூரைத் தட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் வெளிக்கிட்டோம். சைக்கிளும் வீட்டில். எல்லை தாண்டிய நிறையோடு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்க அது ஒரு சாட்டாகிவிடும்.

பாரமான சாமானை அச்சுக்கு மேலே, தாழ்வாக வையுங்கள். பின்பக்கப் பெட்டியில் ஜெரி கானும் விறகும் தொங்கவிடுகிறவர்களின் ரெயிலர்தான் ரோட்டில் நெளிந்து நெளிந்து போவது.

750 கிலோவுக்கு மேற்பட்ட ரெயிலருக்குப் பிரேக் கட்டாயம். எங்கள் அளவுக்கு மின்பிரேக்கும் காருக்குள் அதைக் கட்டுப்படுத்தும் கருவியும் வேண்டும். சனமில்லாத தெருவில் 20 வேகத்தில் போய், கருவியைக் கையால் அமத்திப் பாருங்கள். ரெயிலர் பின்னாலிருந்து காரை மெல்ல இழுத்துப் பிடிக்கவேண்டும்.

கட்டுவதும் பின்னுக்கு எடுப்பதும்

கட்டும்போது ஒழுங்கு மாறவே கூடாது. எங்கள் வீட்டில் கொக்கியை ஒருவர் கட்டுவார், மற்றவர் வாயால் சொல்லிச் சரிபார்ப்பார். கொக்கி பூட்டியாச்சா, அதன் பூட்டுப் பின் போட்டாச்சா. சங்கிலி இரண்டும் மூக்குக்குக் கீழே ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து, நிறை எழுதிய 'டி' வளையத்தால் இறுக்கியாச்சா. முன்சக்கரம் தூக்கியாச்சா. மின் இணைப்பு. கைப்பிரேக் எடுத்தாச்சா. பிறகு மகன் பின்னுக்கு நின்று இடது, வலது, பிரேக் லைற் மூன்றையும் கத்திச் சொல்வான். இந்த நேரத்தில் பக்கத்துக் கூடாரத்து மனிசன் வந்து எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கதை கொடுப்பார். சிரித்துவிட்டு, சங்கிலியைத் திரும்ப முதலிலிருந்து பாருங்கள்.

பின்னுக்கு எடுப்பதை வீட்டில் பழகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பள்ளிக்கூடக் கார்த் தரிப்பிடம் போதும். ஸ்ரியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடியுங்கள், எந்தப் பக்கம் கையை நகர்த்துகிறீர்களோ அந்தப் பக்கம் ரெயிலர் போகும். வெளியே நிற்கிறவர் இடது, வலது என்று சொல்லக்கூடாது. அது யாருடைய இடது என்று ஒரு சண்டை வரும்.

"இஞ்சாருங்கோ, மரத்துப் பக்கம் கொஞ்சம் ஒடியுங்கோ."

"எந்த மரமப்பா? இரண்டு பக்கமும் மரம்தானே."

"நில்லுங்கோ நில்லுங்கோ, ரப் பைப்பிலை இடிக்கப் போறியள்."

இதற்குப் பிறகு நாங்கள் "சாரதிப் பக்கம்", "அம்மம்மா பக்கம்" என்று மாற்றிக்கொண்டோம். அம்மா எப்போதும் முன்னால் இடது சீற்றில்தான். கையில் பிடிக்கும் யூ.எச்.எப். வானொலி ஒரு சோடி இருந்தால் கத்தவே தேவையில்லை.

அதே வானொலி ஹைவேயிலும் உதவும். 40ஆம் அலைவரிசையில் லொறிச் சாரதிகள் கதைப்பார்கள். 5ம் 35ம் அவசரத்துக்கு மட்டும், அதில் கதைக்கக்கூடாது. ரோட் ரெயின் என்று சொல்லும் லொறிகள் 53.5 மீற்றர்வரை நீளம். அது உங்களை முந்த வந்தால் வேகத்தைக் கூட்டாதீர்கள், நேராகப் பிடித்துக்கொண்டு, அது வெளியே எடுத்த பிறகு கொஞ்சம் குறையுங்கள். நீங்கள் அதை முந்தவேண்டிய அவசியம் 90 வேகத்தில் அநேகமாக வராது.

கன்வஸ்

புதுக் கன்வஸ் என்றால் போவதற்கு முதல் வீட்டு வாசலில் விரித்து, ஹோஸால் நன்றாக நனைத்துக் காயவிடுங்கள். இரண்டு மூன்று தடவை. நூல் ஊறி வீங்கி, தையல் ஓட்டைகளை அதுவே அடைத்துக்கொள்ளும். இதைச் செய்யாமல் முதல் மழையில் ஒழுகுகிறது என்று விற்றவரைத் திட்டுகிறவர்கள் உண்டு.

குளிர்காலத்தில் மழை பெய்யாமலே கன்வஸ் நனையும். யுலாராவில் விடிய எழும்பினால் வெளியே புல் நுனியில் உறைபனி, உள்ளே கூரை முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். ஐந்து பேர் இரவிரவாக விட்ட மூச்சு அது. ஒரு மூலைச் சிப்பைத் திறந்துவிட்டுத்தான் படுக்கவேண்டும், குளிர்ந்தாலும். வெயில் ஏறிக் கன்வஸ் காய ஒன்பதரையாகும், பத்து மணிக்கு இடத்தை விடவேண்டும். நாங்கள் இதற்கென்றே பழைய துவாய் நாலு வைத்திருக்கிறோம். பிள்ளைகள் உள்பக்கம், கணவர் வெளிப்பக்கம், துடைத்துப் பிழிந்து துடைத்து, பிறகு மடிப்போம். ஈரத்தோடு மடித்தால் அன்று பின்னேரமே அடுத்த இடத்தில் விரிக்கவேண்டும். இரண்டு நாள் விட்டால் கரும்புள்ளி விழும், பிறகு எந்த மருந்துக்கும் போகாது.

முன்பக்கமாக விரிகிற வகையில் கட்டிலுக்கு ஏணியால் ஏறவேண்டும். அம்மாவுக்கு அது சரிவரவில்லை. கீழே இருக்கையை மடித்துப் படுக்கையாக்கிக் கொடுத்தோம். நீண்ட தங்கலுள்ள ஊர்களில், குளிர் கூடிய இரவுகளில், கேரவன் பார்க்கில் ஒரு கபின் அவவுக்கும் மகளுக்கும். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இந்தக் காசைத் தொடக்கத்திலேயே கணக்கில் போடுங்கள். இரவில் ரொயிலெற்றுக்கு எவ்வளவு தூரம் நடக்கவேண்டும் என்று பார்த்து இடம் கேட்பதும் நல்லது. மருந்து ஒரு மாதத்துக்கு மேல், மருந்துச் சீட்டின் பிரதியும் கையில்.

மின்சாரமும் சாப்பாடும்

100 ஆம்பியர் லித்தியம் பற்றரி ஒன்றும், மடிக்கிற சூரியத் தகடு ஒன்றும், 12 வோல்ற் பிறிட்ஜும் போதும். நிற்கும் இடத்தில் தகட்டை வெயிலோடு திருப்பி வைக்க மகனுக்குக் காசு கொடுக்கிறோம். சோறு குக்கர் மின்சாரம் உள்ள இடத்தில் மட்டும். மற்ற நாட்களில் காஸ் அடுப்பு.

தெற்கு அவுஸ்திரேலியாவுக்குள் பச்சைப் பழங்களையும் பெரும்பாலான மரக்கறிகளையும் கொண்டுபோகக்கூடாது, பழ ஈயைத் தடுக்க. எல்லைக்கு முதலே சாப்பிட்டு முடியுங்கள், அல்லது வீதியோரத் தொட்டியில் போடுங்கள். பிடித்தால் அபராதம் சின்னதில்லை. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம், பச்சைக் கொத்தோடு எல்லை தாண்டுகிற வேலை வேண்டாம். நான் வீட்டிலேயே வறுத்து, மிளகாய்த்தூளோடு இடித்துக் கொண்டுபோனேன். தக்காளி, வெங்காயம், தேசிக்காய் எல்லாம் அடிலெய்டில் வாங்கலாம்.

வறுத்த அரிசிமா, பருப்பு, நெத்தலி, உலர்ந்த தேங்காய்ப்பூ, பால்மா. இவை இருந்தால் எந்த ரோட்ஹவுஸ் பேர்கரையும் நம்பத் தேவையில்லை. போர்ட் ஒகஸ்ராவில் பெரிய சுப்பர் மார்க்கற்றில் நிரப்புங்கள். அதற்குப் பிறகு அலிஸ் ஸ்பிரிங்ஸ்வரை பெரிய கடை இல்லை. கூபர் பீடியிலும் யுலாராவிலும் கடை உண்டு, விலை கூட. குடிதண்ணீர் ஆளுக்குப் பத்து லீற்றர் தனியாக, ரெயிலர்த் தாங்கியில் தொடாமல், காருக்குள் வையுங்கள்.

பாதையில்

ஃபிளிண்டர்ஸ் மலைகளை ஒருவரும் அவசரமாகக் கடக்கவேண்டாம். உலுருவைவிட எனக்கு அதுதான் பிடித்தது என்று சொன்னால் வீட்டில் அடிக்க வருகிறார்கள். பிராச்சினா பள்ளத்தாக்கில் பின்னேர வெயிலில் பாறை விளிம்பில் பாருங்கள், சின்னக் கங்காரு போன்ற மஞ்சள் கால் பாறை வொலபிகள் வாலில் வளையம் வளையமாக நிறத்தோடு குந்தியிருக்கும். அதற்கு ரெயிலரை வில்பீனாவில் விட்டுவிட்டுக் காரில் மட்டும் போங்கள், பாதை கற்பாதை.

பிம்பா, வூமெராப் பக்கம் ஹைவேயை விட்டு இறங்கி உள்ளே போகக்கூடாது. அது இராணுவ ஏவுதளப் பிரதேசம். வழியில் லேக் ஹார்ட் என்ற உப்பேரி வரும், இறங்கிப் பார்க்கலாம். க்ளெண்டம்போவுக்கும் கூபர் பீடிக்கும் இடையில் 250 கிலோமீற்றருக்கு மேல் ஒரு பம்பும் இல்லை. பாதித் தாங்கியில் நிரப்புவது என்ற பழக்கத்தை இங்கே தொடங்குங்கள். ரோட்டிலேயே விமானத்துக்கான கோடுகள் கீறியிருக்கும் இடங்களைக் காண்பீர்கள். பறக்கும் வைத்தியர் சேவையின் விமானம் அவசரத்துக்கு இறங்கும் ஓடுபாதை அது. மகன் அங்கே நின்று படமெடுக்கக் கேட்டான். நிற்கவேண்டாம், வாகனங்கள் வேகமாக வரும்.

கூபர் பீடியில் 1915இல் ஒபல் என்ற இரத்தினக்கல்லைக் கண்டெடுத்தார்கள். வெயிலுக்குப் பயந்து சனம் நிலத்துக்குக் கீழே குடைந்து வீடு கட்டியிருக்கிறது, தேவாலயமும் கீழேதான். ஊரைச் சுற்றி மூடப்படாத சுரங்கக் குழிகள். படமெடுக்கப் பின்பக்கமாக நடக்காதீர்கள் என்று பலகையே உண்டு. பிள்ளைகளின் கையை விடவேண்டாம்.

உலுருவில் ஏறுவது 2019 ஒக்ரோபர் 26ஆம் திகதியிலிருந்து தடை. அந்த நிலம் பூர்வகுடிகளான அனங்கு மக்களுடையது. 1985இல் அதே ஒக்ரோபர் 26ஆம் திகதிதான் அவர்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். சுற்றி நடக்கும் பாதை பத்துக் கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல், விடிய எட்டு மணிக்குத் தொடங்கினால் அம்மாபோன்றவர்கள் அதில் மாலா என்ற பகுதியை மட்டும் நடந்து திரும்பலாம், அது தட்டையான வழி. சில இடங்களில் படம் எடுக்கவேண்டாம் என்று பலகை இருக்கும், அதை மதியுங்கள். பூங்காவுக்கு ஒரு அனுமதிச் சீட்டு. கிங்ஸ் கன்யன், மேற்கு மக்டொனல் போன்ற வட பிராந்தியப் பூங்காக்களுக்கு வெளி மாநிலத்தவர் வேறொன்று எடுக்கவேண்டும். இரண்டும் இணையத்தில் வாங்கலாம், அங்கே போய் வாங்கலாம் என்று இருந்தால் பல இடங்களில் போனுக்குச் சிக்னல் இருக்காது.

கிங்ஸ் கன்யனிலிருந்து அலிஸுக்கு மெரீனி வழியாகக் குறுக்குப் பாதை ஒன்று உண்டு. அனுமதி வேண்டும், பாதை தகரம்போல நெளிநெளியாக உலுப்பும். ரெயிலரோடு வேண்டாம். தார் ரோட்டால் திரும்பி எர்ல்டண்டா வழியாகப் போங்கள். தூரம் கூட, ஆனால் சமையல் பெட்டியின் ஆணிகள் இருந்த இடத்தில் இருக்கும்.

திரும்பும்போது உட்னடாற்றா பாதை. மார்லாவிலிருந்து மரீவரை 600 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட, முழுக்கக் கல்லும் மண்ணும். பெரும்பகுதி பழைய கான் ரெயில் பாதையை ஒட்டியது. அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் ஒட்டகங்களில் சாமான் ஏற்றிப் போனவர்களை ஆப்கானியர் என்று அழைத்தார்கள், ஆனால் பலர் இன்றைய பாகிஸ்தான், இந்தியப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். மரீயில் அவர்களின் மண் பள்ளிவாசலின் மாதிரி ஒன்று நிற்கிறது. கவர்ட் ஸ்பிரிங்ஸில் இரண்டு இரவு வையுங்கள், நிலத்துக்கு அடியிலிருந்து தானாகப் பொங்கும் தண்ணீரில் தொட்டி, பேரீச்சை மரங்கள், அம்மா காலை அதில் வைத்துக்கொண்டு எழும்ப மறுத்துவிட்டா.

மழை பெய்தால் இந்தப் பாதையை மூடிவிடுவார்கள். மூடிய பாதையில் ஓடினால் பெரிய அபராதம். அந்த மூன்று வெறுமை இரவுகள் முக்கியமாக இதற்குத்தான். மார்லாவில் நின்று வானத்தையும் அரசின் பாதை அறிக்கையையும் பாருங்கள், சந்தேகம் என்றால் தார் ரோட்டாலேயே இறங்குங்கள். ஓடுவதென்றால் ரயர்க் காற்றைக் குறையுங்கள். நாங்கள் காரிலும் ரெயிலரிலும் 28 பி.எஸ்.ஐ. அமுக்கத்துக்கு இறக்கி, வேகத்தை 70க்குள் வைத்தோம். சின்னக் காற்றுப் பம்பு ஒன்று கையில் இருக்கவேண்டும், தார் ஏறியதும் திரும்ப நிரப்ப. கார் சில்லு எறியும் கல் ரெயிலரின் முகத்தில் பட்டுத் திரும்பி வந்து காரின் பின்கண்ணாடியை உடைக்கும். ரெயிலர் மூக்கில் கட்டும் கல் தடுப்பு வலை இல்லாமல் இந்தப் பாதைக்குள் இறங்காதீர்கள்.

ஒவ்வொரு தரிப்பிலும் ரெயிலர்ச் சில்லின் நடுக்குடத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கைவைக்க முடியாத சூடு என்றால் பேரிங் போகப்போகிறது, அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. புது பேரிங் ஒரு செற்றும் கிரீஸும் கொண்டுபோங்கள். அந்தப் பக்கம் மெக்கானிக் இருப்பார், உங்கள் ரெயிலருக்குப் பொருந்தும் பேரிங் இருக்காது. வீதி உதவிச் சேவையில் ரெயிலரும் சேர்ந்திருக்கிறதா, எத்தனை கிலோமீற்றர் இழுத்துத் தருவார்கள் என்று வாசித்துப் பாருங்கள். செய்மதி வழியாக அவசர சமிக்ஞை அனுப்பும் பி.எல்.பி. ஒன்று வாங்கினால் அதை உங்கள் பெயரில் பதிவு செய்ய மறக்கவேண்டாம், பதிவு இலவசம்.

வாங்குவதற்கு முதல்

இவ்வளவும் வாசித்த பிறகும் ரெயிலர் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் முதலில் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒரு நீண்ட வார இறுதிக்குக் கிட்டடியில் எங்காவது போய்வாருங்கள். லோர்ன் போதும். இருட்டில் ஒருமுறை திறந்து மூடுங்கள். கன்வஸ் தடியை உயர்த்திப் பிடிக்க உங்கள் தோள் ஒத்துவருமா, பிள்ளைகள் ஏணியில் ஏறி விளையாடாமல் படுப்பார்களா என்று அன்று தெரிந்துவிடும். அந்த வார இறுதியில் எடுத்துப்போய்த் தொடாமலே திரும்பிய சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு வீட்டிலேயே வையுங்கள். எங்கள் பெட்டி நிறுத்தபோது 60 கிலோவுக்கு மேல், பாதி என்னுடைய சமையல் சாமான்.